எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிய வேண்டும்

நெல் கிளறும் பலகையின் கைப்பிடி இரண்டாக முறிந்து கிடந்ததைத்தான் முதலில் பார்த்தேன். டிப்பரின் பின்சக்கரம் பலகையின் மேல் நின்றது. நான்கு அடி தள்ளி, சீமெந்துத் தளத்தில் பரவியிருந்த நெல்லின் மேலேயே மாமா உட்கார்ந்திருந்தார். "ஒன்றுமில்லை மனே, ஒன்றுமில்லை" என்றார். கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒரு அரிசி மில்லில் வாகனங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரும்போக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் எங்கள் வளவில் கால் வைக்க இடம் இருக்காது. வெல்லாவெளி, மண்டூர் என்று படுவான்கரை முழுவதிலுமிருந்து டிராக்டர் பெட்டிகள் நெல்லோடு வரும். ஒரு பக்கம் லொறிகள் அரிசி ஏற்றும், இன்னொரு பக்கம் டிப்பர் உமி அள்ளிப் போகும். நடுவில் காயவைக்கும் தளத்தில் மாமாவும் நான்கைந்து பெண்களும் நெல் கிளறிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு லொறியும் டிப்பரும் ஒரே நேரத்தில் பின்னால் வந்தன. இரண்டிலும் ரிவர்ஸ் ஹோர்ன், அதாவது வாகனம் பின்னால் எடுக்கும்போது ஆட்களை எச்சரிக்கும் ஹோர்ன், அடித்தது. இரண்டும் நல்ல சத்தம்.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த பிறகு மாமா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "சத்தம் கேட்டதுதான் மகன். லொறிதான் வருகுது எண்டு நினைச்சு இங்கால விலகினன்." விலகிய பக்கத்தில்தான் டிப்பர் வந்துகொண்டிருந்தது. டிப்பரின் கிளீனர் கத்தியதால் கால் தப்பியது, பலகை போனது.

ஹோர்ன் பழுதாக இருந்திருந்தால் மாற்றிவிட்டுப் போயிருப்பேன். வேலை செய்த ஹோர்னே ஆளைத் தவறான பக்கம் அனுப்பியிருக்கிறது என்பது என்னைத் தூங்க விடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடமாக இந்தச் சின்னச் சாமானைப் பற்றித் தேடியதையும், பிழை விட்டுத் திருத்தியதையும் எழுதுகிறேன். மில், மரக்காலை, மணல் வியாபாரம், கட்டட வேலை என்று வாகனம் வைத்திருக்கும் யாருக்காவது உதவும்.

முதலில் நான் செய்ததே பிழை. அடுத்த கிழமையே கடைக்குப் போய், இருப்பதில் சத்தம் கூடியது எது என்று கேட்டு, 112 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்று எழுதியிருந்த ஹோர்னை எல்லா வாகனத்துக்கும் வாங்கி வந்தேன். பெரிய சத்தம் என்றால் பெரிய பாதுகாப்பு என்ற எண்ணம். ஒரு மாதம் கழித்து லொறிக்குக் கீழே படுத்துப் பார்த்தால், ஹோர்னின் வாயில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிச் சாக்குக் கயிற்றால் கட்டியிருக்கிறது. டிரைவர் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ஒளிக்கவில்லை. "அண்ணன், ஒரு நாளைக்கு எத்தனை தரம் ரிவர்ஸ் எடுக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியும். பின்னேரம் ஆனால் தலை வெடிக்குது" என்றான். டிப்பரில் வயரையே கழற்றி விட்டிருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரீச்சர் வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அவருடைய அம்மா படுக்கையில். விடிய ஐந்து மணிக்கு முதல் லொறி பின்னால் எடுக்கும்போது அந்த அம்மா திடுக்கிட்டு எழும்புகிறாராம்.

அவர்கள் எல்லோரும் சொன்னது சரி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஹோர்ன் வரும் பெட்டியில் எழுதியிருப்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் அளந்த அளவு. 112 என்றால் 2 மீட்டரில் 106, 4 மீட்டரில் 100, 8 மீட்டரில் 94. அப்படியே போனால் ரீச்சர் வீடு இருக்கும் 64 மீட்டர் தூரத்திலும் 76 வருகிறது. இலங்கையில் 1996இல் வந்த சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் பிரதேச சபைப் பகுதிகளுக்கு இரவு எல்லை 45 டெசிபல். அதோடு வைத்துப் பார்த்தால் அந்த வீட்டுக்கு நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று விளங்கும். அவ்வளவு செய்தும் மாமாவின் பிரச்சினை தீரவில்லை. திசை தெரியாத சத்தத்தைப் பெரிதாக்கினால் அது பெரிய திசை தெரியாத சத்தம், அவ்வளவுதான்.

ஏன் திசை தெரிவதில்லை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெரிவு முழுவதும் இதில்தான் நிற்கிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நம் காது இரண்டு வழியில் பிடிக்கிறது. தாழ்ந்த சுருதி என்றால், ஒரு காதுக்கும் மற்றக் காதுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து. உயர்ந்த சுருதி என்றால், தலை மறைப்பதால் ஒரு காதில் சத்தம் குறைவாக விழுவதை வைத்து. சாதாரண 'பீப் பீப்' ஹோர்ன் ஒரே ஒரு சுருதியில் அடிக்கிறது, பெரும்பாலும் 1000க்கும் 3000க்கும் இடைப்பட்ட ஹேர்ட்ஸில். 1500இலிருந்து 3000 வரை உள்ள பகுதியில் அந்த இரண்டு வழியுமே நமக்குச் சரியாகக் கைகொடுப்பதில்லை. ஒரு வழி ஓய்ந்துவிடுகிறது, மற்றது இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒற்றைச் சுருதிச் சத்தம் தரையிலும் தகரச் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து தன்னோடு தானே மோதும். சில இடத்தில் இரண்டும் சேர்ந்து பெருக்கும், சில இடத்தில் ஒன்றை ஒன்று அழிக்கும். வாகனத்துக்குப் பின்னால் ஓர் அடி நகர்ந்தால் சத்தம் சட்டென்று இறங்குவதை நீங்களே கேட்கலாம். லொறியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் மட்டும் போட்டுவிட்டு (எஞ்சின் ஓட வேண்டாம்) பின்னால் நடந்து பாருங்கள். நான் நடந்தபோது, நெல் கிளறுகிறவர்கள் நிற்கும் இடத்திலேயே அப்படி ஒரு பள்ளம் இருந்தது.

இதற்கு மாற்றாக இருப்பது 'ஷ்ஷ்... ஷ்ஷ்...' என்று விட்டு விட்டு வரும் ஹோர்ன். கல்லடிக் கடற்கரையில் அலை மணலை விட்டு இறங்கும்போது வருமே, அந்தச் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் எப்படியோ அப்படி. ஆங்கிலத்தில் பிராட்பேண்ட் என்றும் வெள்ளைச் சத்தம் என்றும் சொல்கிறார்கள். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை எல்லாம் அதில் ஒன்றாக இருப்பதால் காது தன்னுடைய எல்லா வழியையும் பயன்படுத்தித் திசையைப் பிடித்துவிடுகிறது. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை டெபோரா விதிங்டன், சத்தத்தின் திசையை மனிதர் எப்படி அறிகிறார் என்று செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த யோசனை இது. வாகனத்துக்குப் பின்னால் நன்றாகக் கேட்கும், பக்கத்திலும் தூரத்திலும் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரீச்சரின் அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

மாமாவைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. வயதாலும் வருடக்கணக்கான இரைச்சலாலும் காது போகும்போது முதலில் போவது உயர்ந்த சுருதிதான். அவர் முப்பது வருடம் உமி நீக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்றவர். ஒரே சுருதியை நம்பினால், அந்தச் சுருதி அவருக்குக் கேட்காமல் போகலாம். பல சுருதி இருந்தால் ஏதாவது ஒன்று போய்ச் சேரும்.

கடையில் வாங்கும் முன் ஒரு பரிசோதனை செய்யலாம், காசு செலவில்லை. ஒருவரைத் தளத்தின் நடுவில் கண்ணை மூடி நிற்க வைத்து இரண்டு மூன்று தரம் சுற்றிவிடுங்கள். பிறகு ஹோர்னை அடிக்கச் செய்து, சத்தம் வரும் பக்கம் கையை நீட்டச் சொல்லுங்கள். எங்கள் பழைய பீப் ஹோர்னுக்கு, மூன்று பேர் வாகனத்தை விட்டுத் தகரச் சுவரைக் காட்டினார்கள். கடைக்காரர் ஒரு பற்றரியில் கொழுவி அடித்துக் காட்டச் சம்மதித்தால் அங்கேயே செய்யுங்கள்.

சரி, எத்தனை டெசிபல் வாங்குவது? அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் ஜே994 என்ற தரத்தில் ஐந்து வகை இருக்கிறது: 112, 107, 97, 87, 77. அமெரிக்காவின் கட்டட வேலைத்தள விதியோ எண் எதையும் சொல்லவில்லை. பின்பக்கம் பார்வை மறையும் வாகனத்தில், சுற்றுச் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும் ஹோர்ன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் நின்று சைகை காட்ட வேண்டும் என்கிறது. எனக்கு அதுதான் நல்ல அளவாகப் படுகிறது. ஆகவே முதலில் உங்கள் இடத்தின் சத்தத்தை அளந்துகொள்ளுங்கள். போனில் இருக்கும் செயலி துல்லியமில்லை, ஆனால் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடப் போதும். எங்கள் மெசின் அறை வாசலில் 88 காட்டியது, காயவைக்கும் தளத்தில் 70, அரிசி கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர் ஒழுங்கைகளில் 50க்குக் கிட்ட. ஆள் நிற்கும் இடத்தில் ஹோர்ன் அதைவிட 5 முதல் 10 டெசிபல் கூடக் கேட்டால் போதும்.

மெசின் அறை வாசலில் ஆள் 4 மீட்டரில் நிற்பார். அவருக்கு 95 வேண்டும் என்றால் ஒரு மீட்டரில் 107. தளத்தில் 8 மீட்டர் தூரத்துக்கு 80 வேண்டும் என்றால் 98, ஆக 97 வகையே சரி. ஒழுங்கைக்குள் போகும் பட்டாவுக்கு (சின்ன லொறி) 87 வகை வைத்தால் 8 மீட்டரில் 69, அமைதியான ஒழுங்கையில் அது தாராளம். 112 எங்களுக்கு எங்குமே தேவைப்படவில்லை. கல்லுடைக்கும் இடம், பெரிய மண் வேலை நடக்கும் இடம் என்றால் தேவைப்படலாம்.

லொறி மெசின் அறை வாசலுக்கும் போகிறது, விடிய ஊருக்குள்ளும் போகிறது. அதற்கு, சுற்றுச் சத்தத்தைத் தானே கேட்டு ஏற்றி இறக்கும் ஹோர்ன் வாங்கினோம். விலை கூடத்தான். முதலாளியிடம் மூன்று தரம் பேச வேண்டியிருந்தது. முறிந்த பலகையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தது மூன்றாவது தரம்.

மெட்டுப் பாடும் ஹோர்னைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பட்டாவைப் பழையதாக வாங்கியபோது அதில் ஒரு பாட்டு ஹோர்ன் இருந்தது. ரிவர்ஸ் போட்டால் நம் ஊர்களில் பாண் விற்கும் ஓட்டோ போட்டுக்கொண்டு வருகிற அதே மெட்டு. நானும் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு பின்னேரம் ஒழுங்கைக்குள் அரிசி இறக்கிவிட்டுப் பின்னால் எடுக்கும்போது நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். கண்ணாடியில் பார்த்தால், ஒரு சின்னப் பிள்ளை நூறு ரூபாத் தாளை நீட்டிப் பிடித்தபடி படலையைத் தள்ளிக்கொண்டு எங்கள் பின்பக்கத்தை நோக்கி ஓடி வருகிறாள். பாண் வந்துவிட்டது என்று அம்மா காசு கொடுத்து அனுப்பியிருக்கிறார். நான் "நிப்பாட்டு" என்று கத்தியதும் வாகனம் நின்றது. இடைவெளி எவ்வளவு என்று இறங்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவே அதைக் கழற்றி உடைத்துப் போட்டேன். விலகச் சொல்ல வேண்டிய சத்தம் பிள்ளையைக் கிட்டக் கூப்பிட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது. உங்கள் வாகனத்தில் பாட்டு ஹோர்ன் இருந்தால், இதை வாசித்து முடித்ததும் போய்க் கழற்றுங்கள்.

குரல் வரும் ஹோர்னும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. யப்பானிலிருந்து வந்த பழைய லொறிகளில் "பக்கு ஷிமாஸ்" என்று ஒரு பெண் குரல் சொல்லும், 'பின்னால் வருகிறேன்' என்று அர்த்தம். ரிவர்ஸ் ஹோர்னே 1963இல் யப்பானில் யமகுச்சி என்பவர் செய்து விற்றதுதான், அவர்களுக்கு அது பழக்கம். ஆனால் அம்பாறைப் பக்கம் போனால் தமிழும் சிங்களமும் கலந்த வேலைத்தளங்கள். எந்த மொழியில் சொன்னாலும் யாரோ ஒருவருக்கு விளங்காது. இரைச்சலுக்குள் சொல் தேய்ந்தும் போகும்.

பூட்டுவதில் வரும் பிழைகளும் குறைவில்லை. லொறி, டிப்பர் பெரும்பாலும் 24 வோல்ட். டிராக்டர், பட்டா, எங்கள் பெக்கோ (மண் அள்ளும் மெசின்) எல்லாம் 12. ஒரு கடையில் "எல்லாத்துக்கும் சரி" என்று தந்த 12 வோல்ட் ஹோர்ன் டிப்பரில் ஒரு கிழமைக்குள் கருகியது. ஹோர்ன் வரும் பெட்டியில் 12–24 என்று அச்சிட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வயரை ரிவர்ஸ் லைட்டின் வயரோடு சேர்த்தால் போதும், கியர் விழும்போது தானாக அடிக்கும். நெகட்டிவ் வயரைத் துருப்பிடித்த போல்ட்டில் கொழுவாமல், பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் பூட்டச் சொல்லுங்கள்.

டிராக்டரில் வேலை கூட. பழைய டிராக்டர் பலவற்றில் ரிவர்ஸ் லைட்டே இல்லை. எங்கள் வயரிங் பாஸ் கியர் தடிக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்தார். தடி ரிவர்ஸுக்குப் போகும்போது அதை அமத்தும். ஹோர்னை டிராக்டரில் பூட்டினால் பிரயோசனமில்லை, பின்னால் மூட்டை ஏற்றிய பெட்டி முழுச் சத்தத்தையும் மறைத்துவிடும். பெட்டியின் வால் பக்கத்தில்தான் பூட்ட வேண்டும். அப்போது டிராக்டருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு பிளக் வருகிறது, கோளாறு எல்லாம் அந்தப் பிளக்கில்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நாங்கள். உப்புக் காற்று மூன்று மாதத்தில் செம்பைப் பச்சைக் களிம்பாக்கிவிடும். மூடியுள்ள பிளக் வாங்கி, கிறீஸ் தடவி, மாதம் ஒரு தரம் கழற்றித் துடைக்கிறோம்.

ஹோர்னின் வாய் பின்னால் பார்க்க வேண்டும், கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தால் தண்ணீர் தேங்காது. உதிரிச் சக்கரத்துக்கோ தகட்டுக்கோ பின்னால் ஒளித்து வைத்தால் அது பூட்டாததற்குச் சமம். தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் குறி ஐபி. ஐபி67 என்றால் தூசி போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அது சேர்விஸ் நிலையத்தில் அழுத்தமாக அடிக்கும் தண்ணீருக்குக் கொடுத்த உறுதி அல்ல. அதற்கு ஐபி69கே என்று தனியாக இருக்கிறது. சேறு கழுவும் தம்பியிடம் குழாயை ஹோர்னுக்கு நேரே பிடிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வளவில் ஆபத்தை அதிகம் குறைத்தது ஹோர்ன் இல்லை, பின் வேலி. அதைப் பிரித்து இரண்டாவது வாசல் வைத்தோம். இப்போது உமி டிப்பர் முன்வாசலால் வந்து பின்வாசலால் போகிறது. ரிவர்ஸ் எடுப்பதே பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. காயவைக்கும் தளத்தைச் சுற்றிப் பழைய பீப்பாய்களை வைத்துக் கயிறு கட்டினோம். லொறி பின்னால் வரும்போது கிளீனர் இறங்கி, டிரைவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் விசிலோடு நிற்க வேண்டும். கண்ணாடியில் கிளீனர் மறைந்தால் டிரைவர் நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. கமரா ஒரு லொறியில் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் உமித்தூசி அதன் கண்ணை அரை நாளில் மறைத்துவிடுகிறது.

விடிய வாகனம் எடுக்கும் முன் ஒவ்வொரு டிரைவரும் கிளீனரைப் பின்னால் தள்ளி நிற்க வைத்து ஹோர்னைக் கேட்டு, கொப்பியில் ஒரு சரி அடையாளம் போட வேண்டும். இரண்டு நிமிட வேலை. இந்தச் சத்தத்துக்கு ரீச்சர் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. ஒரு தரம் ரீச்சரே ஒழுங்கையில் கண்டு, "அம்மா இப்ப நித்திரை கொள்றா" என்றார்.

புது ஹோர்ன் பூட்டிய அன்று மாமாவையும் கண் மூடி நிற்க வைத்தோம். முதலில் லொறியை அடித்தோம், கையை நீட்டினார். பிறகு டிப்பரை. சற்று யோசித்துவிட்டு மற்றப் பக்கம் நீட்டினார். இரண்டையும் சேர்த்து அடித்தபோது இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்தபடி நின்றார். பெண்கள் கிளறுவதை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியிலிருந்து நெல் கொண்டுவரும் டிராக்டர்கள்தான் இன்னும் பாக்கி. அவற்றில் முக்கால்வாசியில் ஹோர்னே இல்லை. எங்கள் ஆள் விசிலோடு பின்னால் நிற்காமல் வளவுக்குள் யாரும் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது என்று வாசலில் பலகை எழுதி வைத்திருக்கிறோம். சிறுபோக நெல் வரத் தொடங்கும் முன், வழமையாக வருகிற எட்டுப் பேரின் பெட்டிகளுக்காவது ஹோர்ன் பூட்டிக் கொடுத்து, காசை நெல் கணக்கில் கழிக்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். வயரிங் பாஸ் வருகிற ஞாயிறு முதல் இரண்டைப் பூட்ட வருகிறார்.